பூஞ்சாண வித்துகளை ஆய்வகத்தில் முளைக்க வைத்து எண்ணுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒரு பூஞ்சாண வித்து (ஸ்போர்) முளைத்திருக்கிறதா என்று பார்க்கச் சில நொடிகள் போதும். அப்படி நூறு வித்துகளை எண்ணி ஒரு விழுக்காடு எழுதிவிடலாம். அந்த விழுக்காட்டை நம்பலாமா என்பதோ அதற்கு முந்தைய பத்து நாட்களில் நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. ஊடகத்தில் எத்தனை நாள் வளர்ந்த பூஞ்சாண வளர்ப்பு, எந்தத் தண்ணீர், வித்துகளை முளைக்க வைக்கும் துளியில் எவ்வளவு நெரிசல், எதை 'முளைத்தது' என்று கணக்கில் எடுத்தோம் என்ற நான்கும் சரியாக இருந்தால், ஒரு பூஞ்சாணக் கொல்லி மருந்து முளைப்பை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் மருந்துச் சோதனை தானாகச் சரியாக வரும். இவற்றில் ஒன்று பிசகினாலும் எவ்வளவு நல்ல மருந்தைப் பற்றியும் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது மா, பப்பாளி போன்ற பழங்களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் கரும்புள்ளி நோயை உண்டாக்கும் கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சாணத்தை. எளிதாக வளரும், நிறைய வித்து தரும், ஒரே நாளில் முளைத்துக் காட்டும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பூஞ்சாணம் குறைவு. முறை கைவந்துவிட்டால் ஆல்டர்னேரியா, பியூசேரியம் போன்றவற்றுக்குச் சிறு மாற்றங்களோடு அதையே பயன்படுத்தலாம்.

தொடங்கும் முன்: வித்து ஏன் முளைக்காமல் இருக்கிறது

கொலிட்டோட்ரைக்கத்தின் வித்து, அதாவது கொனிடியம், நிறமற்ற ஒற்றைச் செல். இரு முனையும் மழுங்கிய சிறு உருளை போல இருக்கும். நீளம் ஏறக்குறைய 15 மைக்ரான், அகலம் 5 மைக்ரான். பழத்தின் மேல் உள்ள கரும்புள்ளியில் ஈரமான நாளில் ஆரஞ்சு நிறத்தில் பிசுபிசுப்பாகத் திரண்டிருப்பது இந்த வித்துகளின் கூட்டம்தான். அந்தப் பிசினுக்கு இரண்டு வேலை. வித்துகள் காய்ந்துபோகாமல் காப்பது ஒன்று. இருந்த இடத்திலேயே முளைத்து வீணாகாமல் தடுப்பது இன்னொன்று. மழைத்துளி விழுந்து பிசின் கரைந்து, வித்துகள் தெறித்துத் தனித்தனியாகப் போய் விழுந்த பிறகுதான் முளைப்பு தொடங்கும்.

இதோடு, வித்துகளே ஒரு தடைப்பொருளையும் சுரக்கின்றன. கொலிட்டோட்ரைக்கத்தில் இதற்கு குளோயோஸ்போரோன் என்று பெயர். ஒரு துளியில் வித்துகள் நெருக்கமாக இருந்தால் இந்தப் பொருளின் செறிவு கூடி, ஒன்றையொன்று முளைக்கவிடாமல் நிறுத்திவிடும். நான் இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்ட காலத்தில் இது தெரியாமல், 'நிறைய வித்து இருந்தால் எண்ண வசதி' என்று பால் போலக் கலங்கிய கரைசலை எடுத்து ஸ்லைடில் வைத்துக்கொண்டிருந்தேன். மருந்தே சேர்க்காத துளியிலும் பாதிகூட முளைக்கவில்லை. வளர்ப்பு செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாகப் பிரித்தெடுக்கப் போனேன். அதே கரைசலைக் கழுவி நீர்த்து வைத்தபோது எல்லாம் முளைத்தன. இந்த ஒரு விஷயம் புரிந்தால் கீழே வரும் படிகளில் பாதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

படி 1: பூஞ்சாணத்தைப் பிரித்தெடுப்பது

நோய்ப்புள்ளியின் ஓரத்தில், பாதி நோயும் பாதி நலமுமாக இருக்கும் இடத்தில், 3 முதல் 5 மி.மீ. அளவுத் துண்டுகளை வெட்டுங்கள். புள்ளியின் நடுவை எடுக்க வேண்டாம். அங்கே செத்த திசுவைத் தின்ன வந்த வேறு பூஞ்சாணங்களும் பாக்டீரியாவும்தான் அதிகம். துண்டுகளை 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 30 நொடி முதல் 1 நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஈரம் ஒற்றி, பி.டி.ஏ. (உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர்) ஊடகத்தில் வையுங்கள்.

பி.டி.ஏ. செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததே: 1 லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 15 முதல் 20 கிராம் அகர். 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்ய, அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்க, வேண்டும். பாக்டீரியா தொல்லை இருந்தால் ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்க்கலாம். ஆட்டோகிளேவ் செய்து ஊடகம் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

மூன்று நான்கு நாளில் இழைகள் பரவும். அவற்றின் விளிம்பிலிருந்து எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றி, வித்து வந்த பிறகு ஒற்றை வித்து வளர்ப்பாகச் சுத்தப்படுத்துங்கள். அதற்கு மிகவும் நீர்த்த வித்துக் கரைசலை 2 விழுக்காடு வெறும் அகர் தட்டில் பரப்பி, மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்து, தனியாக முளைத்திருக்கும் ஒரே ஒரு வித்தை அகரோடு சேர்த்து வெட்டி எடுத்தால் போதும். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு புள்ளியிலிருந்து இரண்டு வகைப் பூஞ்சாணம் வந்து கலந்திருந்தால், பிற்பாடு வரும் எண்கள் யாருடையவை என்றே தெரியாது.

படி 2: நல்ல வித்துகளை வளர்ப்பது

25 முதல் 28 டிகிரி செல்சியஸில், 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு என்ற சுழற்சியில் 7 முதல் 10 நாள் வையுங்கள். ஆரஞ்சுத் திரள்கள் தெரிய ஆரம்பித்தால் வித்து தயார். முழு இருட்டில் வைத்தால் சில வளர்ப்புகள் வெறும் பஞ்சு போல இழையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். வெளிச்சத்துக்கு மாற்றியதும் வித்து விட ஆரம்பிக்கும்.

வளர்ப்பின் வயது முக்கியம். மூன்று வாரம் ஆன தட்டிலும் வித்து நிறைய இருக்கும். ஆனால் அவற்றில் முளைக்கும் சக்தி குறைந்திருக்கும், வித்துக்கு வித்து வேறுபாடும் கூடியிருக்கும். ஒரு சோதனைத் தொடர் முழுக்க ஒரே வயது வளர்ப்பையே எடுங்கள். நான் பத்தாம் நாள் என்று வைத்துக்கொள்வேன்.

படி 3: வித்துகளை எடுத்துக் கழுவுவது

தட்டில் 10 மி.லி. கிருமி நீக்கிய காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, கண்ணாடிக் கம்பியால் மேற்பரப்பை மெதுவாகத் தடவுங்கள். அழுத்திச் சுரண்டினால் இழைகளும் அகர்த் துணுக்கும் சேர்ந்து வரும். நீரை இரண்டு மடிப்பு மெல்லிய துணியில் வடிகட்டினால் இழைகள் தங்கிவிடும், வித்துகள் கீழே இறங்கும். வடித்த கரைசலை மையவிலக்கியில் நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, மேல்நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் விட்டு மெல்லக் கலக்குங்கள். இதை இன்னும் ஒரு முறை செய்யுங்கள். பிசினும் தடைப்பொருளும் இந்த இரண்டு கழுவலில்தான் போகின்றன. 'வித்து கண்ணுக்குத் தெரிகிறதே, போதும்' என்று கழுவாமல் விடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஆல்டர்னேரியா போன்ற உலர் வித்துகள் நீரில் நனையாமல் மேலே மிதக்கும். அவற்றுக்கு நீரில் 0.01 முதல் 0.05 விழுக்காடு ட்வீன் 20 என்ற நனைப்பானைச் சேருங்கள். அதற்கு மேல் போனால் ட்வீனே முளைப்பைப் பாதிக்கலாம்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. குழாய் நீரில் குளோரின் இருக்கும், அது ஆகாது. செம்புப் பாகம் உள்ள பழைய வடிகலனில் வடித்த நீரும் ஆகாது. 1807இலேயே பெனெடிக்ட் பிரெவோ இதைக் கண்டார். கோதுமைக் கரிப்பூட்டை நோயின் வித்துகளை நீரில் முளைக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், செம்புப் பாத்திரத்தில் இருந்த நீரில் மட்டும் அவை முளைக்காததைக் கவனித்தார். செம்பு பூஞ்சாணத்தைத் தடுக்கிறது என்ற அறிவு அந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. பிரெவோவுக்குக் கிடைத்த கண்டுபிடிப்பு நமக்குச் சோதனைப் பிழையாக வந்துவிடக்கூடாது. எனவே அயனி நீக்கிய நீரையோ முழுக்கக் கண்ணாடியால் ஆன வடிகலனின் நீரையோ எடுங்கள்.

இன்னொன்று, கழுவிய வித்துக்கு நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. பனிக்கட்டியில் வைத்தால் சற்றுத் தாமதிக்கலாம், அவ்வளவுதான். கழுவிய அன்றே, முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள், சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

படி 4: எண்ணி, நீர்த்து, அளவுக்குக் கொண்டுவருவது

ஹீமோசைட்டோமீட்டரில் (எண்ணுவதற்குக் கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகடு) நான்கு மூலையில் உள்ள பெரிய சதுரங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு சதுரமும் 1 மி.மீ. நீளம், 1 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. ஆழம் கொண்டது. அதனால் ஒரு சதுரத்தின் சராசரியை 10,000 ஆல் பெருக்கினால் 1 மி.லி.க்கு எத்தனை வித்து என்று கிடைக்கும். எடுத்துக்காட்டுக்கு, நான்கு சதுரங்களில் 46, 54, 50, 42 என்று வந்தால் மொத்தம் 192, சராசரி 48. ஆக 1 மி.லி.க்கு 4.8 லட்சம். எல்லைக்கோட்டின் மேல் கிடக்கும் வித்துகளில் மேல்கோடும் இடதுகோடும் தொடுபவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள். எல்லாச் சதுரத்துக்கும் இதே வழக்கம் இருக்கட்டும்.

சோதனைத் துளியில் நமக்குத் தேவை 1 மி.லி.க்கு 1 லட்சம். மருந்துக் கரைசலோடு சரிபாதியாகக் கலக்கப்போகிறோம் என்பதால் இப்போது 2 லட்சமாக வைக்க வேண்டும். 10 மி.லி. வேண்டுமென்றால், மேலே உள்ள கரைசலில் 4.2 மி.லி. எடுத்து 5.8 மி.லி. நீர் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக வரும். மருந்தும் பாதியாக நீர்த்துப்போகும் என்பதை மறக்காதீர்கள். துளியில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) வேண்டுமானால் 20 பி.பி.எம். கரைசலைத் தயாரிக்க வேண்டும். ஆய்வறிக்கைகளில்கூட இந்த இரட்டிப்புக் கணக்குத் தவறிப்போவதுண்டு.

படி 5: ஈரக்கூடும் துளியும்

பெட்ரித் தட்டின் அடியில் வடிதாளை விரித்து, சொட்டாத அளவுக்கு நனைத்து, அதன் மேல் வளைத்த கண்ணாடிக் கம்பியை வையுங்கள். கம்பியின் மேல் குழிவுள்ள ஸ்லைடு. குழியில் வித்தும் மருந்தும் கலந்த கரைசலை 40 மைக்ரோலிட்டர் விட்டு, தட்டை மூடி, 25 முதல் 28 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள்.

துளியின் மேல் கவர்ஸ்லிப் போட வேண்டாம். முளைக்கும் வித்து மூச்சு விடுகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கவர்ஸ்லிப் போட்டுவிட்டுப் பார்த்தால் விளிம்பில் முளைப்பு கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். அப்புறம் நீங்கள் எந்த இடத்தில் எண்ணினீர்களோ அதுவே முடிவாகிவிடும்.

ஒவ்வொரு மருந்தளவுக்கும் குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு துளிகள் வையுங்கள். ஒவ்வொன்றும் தனித்தனித் தட்டில் இருக்கட்டும். வெறும் நீர்த் துளி கட்டாயம். மருந்தை அசிட்டோனிலோ டைமெத்தில் சல்ஃபாக்சைடிலோ கரைத்திருந்தால் அதே அளவு கரைப்பான் மட்டும் சேர்த்த துளியும் வேண்டும். கரைப்பான் 1 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடுக்குப் பதில் 2 விழுக்காடு வெறும் அகரிலும் வித்துகளைப் பரப்பலாம். வித்துகள் நகராது, எண்ண எளிது. ஆனால் ஒட்டுறுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அகர் உதவாது. கண்ணாடி போன்ற கடினமான பரப்பைத் தொட்டால்தான், வித்திலிருந்து நீளும் முளைக்குழாயின் நுனி பருத்து, மெலனின் ஏறிக் கருத்து, இலையைத் துளைக்கத் தயாராகும் அந்த உறுப்பாக மாறும். மென்மையான அகரில் குழாய் நீண்டுகொண்டே போகும்.

படி 6: எப்போது பார்ப்பது, எதை 'முளைத்தது' என்பது

முதல் முறை என்றால் வைத்து 2, 4, 6, 8, 12, 24 மணி நேரம் கழித்து வெறும் நீர்த் துளியை மட்டும் பாருங்கள். அழகான காட்சி அது. ஒற்றைச் செல்லாக இருந்த வித்தின் நடுவில் முதலில் ஒரு குறுக்குச் சுவர் தோன்றும். பிறகு ஒரு முனையருகே சிறு மொட்டு போலப் புடைத்து, குழாயாக நீளும். பொதுவாக 6 முதல் 12 மணிக்குள் பெரும்பாலானவை முளைத்துவிடும். 24 மணியில் குழாய்கள் வலை போலப் பின்னிக்கொள்வதால் எண்ண முடியாது. உங்கள் வளர்ப்பில் நீர்த் துளி எப்போது 90 விழுக்காட்டை எட்டுகிறதோ அந்த நேரத்தைச் சோதனை நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுறுப்புகளை எண்ணுவதானால் 16 முதல் 24 மணி வரை காத்திருங்கள்.

முளைத்தது என்பதற்கு வரையறையை முதல் நாளே நோட்டில் எழுதிவிடுங்கள். சிலர் குழாய் வித்தின் அகலத்தளவு நீண்டால் போதும் என்பார்கள், சிலர் வித்தின் நீளத்தில் பாதியாவது வேண்டும் என்பார்கள். நான் எடுப்பது வித்தின் அகலத்தை. எதை எடுத்தாலும் சரி, நடுவில் மாற்றக்கூடாது. மருந்தின் தாக்கத்தில் வெறும் புடைப்போடு நின்றுபோன வித்துகள் நிறைய வரும். அவற்றைப் பார்த்த பிறகு வரையறையை முடிவு செய்தால், நமக்குப் பிடித்த விடையை நோக்கிக் கை தானாக நகரும்.

நேரம் வந்ததும் ஒவ்வொரு துளியிலும் ஒரு சொட்டு லாக்டோபீனால் காட்டன் புளூ விட்டால் முளைப்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும், வித்துகளும் நீலமாகத் தெளிவாகத் தெரியும். பீனால் தோலைப் பொசுக்கும் என்பதால் கையுறை அவசியம். பீனால் இல்லாமல் லாக்டிக் அமிலமும் கிளிசரினும் கலந்த சாயக் கரைசலும் நன்றாகவே வேலை செய்யும்.

படி 7: எண்ணுவது

துளி ஒன்றுக்கு 100 வித்து. ஸ்லைடின் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக நகருங்கள். நன்றாக முளைத்திருக்கும் இடத்தைத் தேடிப் போகாதீர்கள். ஒரு பார்வைப் புலத்துக்குள் நுழைந்தால் அதிலுள்ள அத்தனையையும் எண்ணி முடித்த பிறகே வெளியே வாருங்கள். நூறாவது வித்து நடுவில் வந்துவிட்டாலும் அந்தப் புலத்தை முடித்து, வந்த மொத்தத்துக்கு விழுக்காடு போடுங்கள். கட்டியாகச் சேர்ந்த வித்துகளை விட்டுவிடலாம். கட்டிகள் அதிகமென்றால் கரைசல் சரியில்லை என்று பொருள். ஸ்லைடுகளுக்கு வேறொருவர் குறியெண் ஒட்டித் தந்து, எது எந்த மருந்து என்று தெரியாமல் நீங்கள் எண்ணுவது மிக நல்லது.

கணக்கு எளிது. நீர்த் துளிகளில் 94, 91, 96, 93 என்றால் சராசரி 93.5. மருந்துத் துளிகளில் 31, 36, 28, 33 என்றால் சராசரி 32. வித்தியாசம் 61.5. இதை 93.5 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் தடுப்பு 65.8 விழுக்காடு. நீர்த் துளியின் முளைப்பு 90க்குக் கீழே வந்தால் நான் அந்த நாளின் சோதனையை முழுவதும் ஒதுக்கிவிடுவேன். கணக்கில் அதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது என்றாலும், வித்துகளே நலமாக இல்லாதபோது மருந்தின் குணத்தை அவற்றிடம் கேட்பதில் நியாயமில்லை.

பாதி வித்துகளைத் தடுக்கும் அளவைக் கண்டுபிடிக்க 0.1, 0.3, 1, 3, 10, 30 பி.பி.எம். போலப் படிப்படியாக ஏறும் ஆறு அளவுகளை வைத்து, புரோபிட் என்ற புள்ளியியல் முறையில் கோடு பொருத்துங்கள். முழுச் சோதனையையும் வேறு நாளில், வேறு தட்டு வித்துகளோடு, இன்னொரு முறையாவது செய்ய வேண்டும். ஒரே கரைசலிலிருந்து எடுத்த நான்கு துளிகள் நான்கு சோதனை ஆகிவிடாது.

இந்தச் சோதனை எந்த மருந்துக்குப் பொருந்தும்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். செம்புச் சேர்மங்கள், மேங்கோசெப், அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்ற ஸ்ட்ரோபிலூரின்கள் ஆகியவை முளைப்பையே தடுப்பவை. அவற்றுக்கு இந்தச் சோதனை பொருத்தமானது. டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்ற டிரையசோல்கள், பூஞ்சாணம் தன் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலைத் தயாரிப்பதைத் தடுப்பவை. முளைக்கும் வித்துக்குத் தொடக்கத்தில் தேவையானது அதன் இருப்பிலேயே இருப்பதால் அது முளைத்துவிடும், பிறகுதான் குழாய் வளராமல் திணறும். கார்பென்டசிமும் இப்படித்தான், முளைப்பைவிடச் செல் பிரிதலைத்தான் தாக்குகிறது. குழாய் கோணலாகவோ குட்டையாகவோ நிற்கும். இவற்றை முளைப்பு விழுக்காட்டால் மட்டும் அளந்தால் 'பயனற்ற மருந்து' என்று எழுத நேரிடும். இவற்றுக்கு முளைக்குழாயின் நீளத்தை அளக்க வேண்டும், அல்லது மருந்து கலந்த ஊடகத்தில் இழை வளர்ச்சியைப் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரோபிலூரின்களிலும் ஒரு நுட்பம் உண்டு. இவை மூச்சுச் சங்கிலியின் ஓரிடத்தை அடைக்கின்றன. ஆய்வகத் துளியில் பூஞ்சாணம் மாற்று ஆக்சிடேஸ் என்ற பக்கவழியில் மூச்சு விட்டுத் தப்பிவிடலாம். அதனால் சாலிசில்ஹைட்ராக்ஸாமிக் அமிலத்தைச் சேர்த்து அந்தப் பக்கவழியை மூடுவார்கள். அதைச் சேர்த்தால், அது மட்டும் இருக்கும் துளியும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

தாவரச் சாறுகளைச் சோதிப்பவர்கள் ஆட்டோகிளேவ் செய்யாமல் 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுங்கள். சூட்டில் பல பொருள்கள் சிதைந்துவிடும். சாற்றின் அமிலத்தன்மையையும் அளந்து வையுங்கள். சில நேரம் முளைப்பைத் தடுத்தது அந்த அமிலமாகவே இருக்கும். தடுத்ததா, கொன்றதா என்று தெரிய, முளைக்காத வித்துகளைக் கழுவி வெறும் நீரில் மறுபடி வைத்துப் பாருங்கள். முளைத்துவிட்டால் அது வெறும் தடுப்புதான்.

வேறு நோய்க்காரணிகள் என்றால்

சாம்பல் நோய்ப் பூஞ்சாணத்தை ஊடகத்தில் வளர்க்க முடியாது, உயிருள்ள இலையிலிருந்துதான் வித்தை எடுக்க வேண்டும். அதன் வித்தில் நீர் ஏராளமாக இருப்பதால் காற்றின் ஈரமே போதும். நீர்த்துளியில் போட்டால் சரியாக முளைக்காது. உலர்ந்த ஸ்லைடில் தட்டி உதிர்த்து ஈரக்கூட்டில் வையுங்கள். துரு நோய் வித்துகளையும் உயிருள்ள செடியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இவற்றுக்கு நீர்ப்படலமும் இருட்டும் வேண்டும், நெரிசல் தடையும் உண்டு. உருளைக்கிழங்குப் பின்கருகலை உண்டாக்கும் பைட்டோப்தோராவின் வித்துப்பைகள் 12 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் உடைந்து நீந்தும் வித்துகளை வெளியிடும், 20 டிகிரிக்கு மேல் நேரடியாகக் குழாய் விடும். ஆகவே வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அதன் முளைப்பைச் சொல்ல முடியாது.

முளைக்கவில்லை என்றால்

நீர்த் துளியிலேயே முளைப்பு குறைவாக இருந்தால் நான் பார்க்கும் வரிசை: முதலில் நெரிசல், பிறகு கழுவல், அப்புறம் தண்ணீர், அதன்பின் வளர்ப்பின் வயது. நான்கும் சரியென்றால் மிகக் குறைந்த அளவு டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்துப் பாருங்கள். சில வளர்ப்புகளுக்கு வெறும் நீர் போதாது. சேர்த்தால் எல்லாத் துளிக்கும் சேர்க்க வேண்டும். உணவு கிடைத்த வித்துகள் ஒட்டுறுப்பைக் குறைவாக உண்டாக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். துளி கலங்கி, நுண்ணிய புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தால் பாக்டீரியா புகுந்திருக்கலாம். அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது.

வேலை முடிந்த பிறகு

தட்டுகள், ஸ்லைடுகள், வடித்த துணி, மையவிலக்கியில் கொட்டிய நீர் வரை எல்லாவற்றையும் 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியேற்றுங்கள். சாயம் கலந்த கழிவைத் தனியாகச் சேகரியுங்கள், பீனாலைச் சூடேற்றக்கூடாது. உங்கள் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் பூஞ்சாணத்தோடு மட்டும் வேலை செய்யுங்கள். வேறு நாட்டிலிருந்தோ தொலைவான பகுதியிலிருந்தோ வளர்ப்பு வேண்டுமென்றால் தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. மருந்துக்கு எதிர்ப்புக் காட்டிய வளர்ப்பைத் தனியாகக் குறியிட்டுப் பூட்டி வையுங்கள். சோதனை நாளில் அதே உடையோடு தோட்டத்துக்குப் போக வேண்டாம்.

ஒற்றை வித்து வளர்ப்பு கிடைத்த அன்றே பல குழாய்ச் சாய்வுகளில் (ஊடகத்தைச் சாய்வாக உறையவைத்த சோதனைக்குழாய்கள்) ஏற்றி 4 டிகிரியில் வைத்துவிடுங்கள். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வித்து விடுவது குறைந்து வெறும் பஞ்சாகிப்போகும். ஒவ்வொரு சோதனைத் தொடருக்கும் அந்தத் தாய்க்குழாயைத் திறந்து புதிதாகத் தொடங்குங்கள். எத்தனையாவது மாற்றம் என்பதைத் தட்டின் அடியிலேயே, தேதிக்குப் பக்கத்தில், எழுதிவிடுங்கள்.